உபயோகம்: ரெண்டுக்கும்

இது எனக்கு நடந்ததில்லை. என்னிடம் நேராகச் சொல்லப்பட்டதும் இல்லை. பீளமேட்டில் ஒரு பெண்கள் விடுதியில் மேகலாவோடு ஒரே அறையில் இருக்கும் பரிமளா என் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. மேகலா அவளிடம் சொன்னதை அவள் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் எனக்குச் சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் "இப்படித்தான் சொன்னாள்னு நினைக்கிறேன், சரியா ஞாபகம் இல்லை" என்றாள். அவள் ஒரு வரியில் முடித்த சில இடங்களில், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பேனோ அதை எழுதியிருக்கிறேன். மேகலாவும் என்னைப் போல வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அதனால் ரொம்பவும் தப்பாக இருக்காது என்று ஒரு தைரியம். தப்பாக இருந்துவிட்டால் என்ற பயமும் போகவில்லை. நடந்தது காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரையிலிருந்து நாலேகால் வரை. இனி வரும் ‘நான்’ மேகலா.

சதுரம் சதுரமாக ஸ்கிரீனில் அந்த ஹால் வருகிறது. முதலில் நடுவில் ஒரு சதுரம், அப்புறம் அதைச் சுற்றி ஒவ்வொன்றாக, சோபாவின் கை, ஜன்னல் திரையின் மடிப்பு, தரையில் விழும் வெயில். இந்தப் படத்தை நான் ஐந்நூறு தடவையாவது பார்த்திருப்பேன். எந்த புராசசர் வந்தாலும் அதை முதலில் இந்த ஹாலைத்தான் வரையச் சொல்வோம், எத்தனை நிமிஷத்தில் வரைகிறது என்று தாளில் எழுதுவோம். யாரும் இல்லாத ஹால். இன்றைக்கு இரண்டு சிப். எட்டு கோர் ஒன்று, பதினாறு கோர் ஒன்று, கோர் என்றால் கணக்குப் போடும் கை மாதிரி, இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே போர்டில் உட்காரும். எட்டுக்கு உள்ளேயே கூடுதலாக நினைவிடம் வைத்திருக்கிறார்கள், அதனால் அது கேமுக்கு ராஜா. பதினாறு வேலைக்கு. இரண்டுக்கும் சேர்த்துச் செய்த மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது வர ஆறு வாரம் ஆகும், அதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். கல்யாணம். காலையில் பதினொரு மணிக்கு போனில் கிருபாகரன் அந்த வார்த்தையைச் சொன்னான், அப்போது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, அதைக் கீழே போடவில்லை, மெதுவாக மேஜை மேல் வைத்தேன், காந்த முனையில் ஒரு ஸ்க்ரூ ஒட்டியிருந்தது, அதையும் எடுத்து டப்பாவில் போட்டேன். எவ்வளவு ஒழுங்கு. "நாலு மணிக்கு வரோம்ங்க மேகலா." வரோமா? "சோபிகாவும் வர்றாங்க. அதான் ஃபார்ம்லயே போட்டிருந்தேனே, ரெண்டுக்கும்னு. அவளுக்கு வீட்டு இன்டீரியர் டிசைன் வேலை, எனக்கு எப்பவாச்சும் கேமு. ஒரே மெஷின்ல ரெண்டும் ஓடோணும். வைகாசில கல்யாணம்ங்க. பத்திரிகை கையோட கொண்டாரேன்." நான் "சரிங்க" என்றேன். அதற்கப்புறம் "சந்தோஷம்ங்க" என்றேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று? ரொம்ப நேரம் என்றால் அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்காது. கடையில் சத்தம், கீழே பிரிண்டர் சத்தம், ஆர்ப்பாட்டமான ரோடு. தெரிந்திருக்காது. சிப்பின் வெப்பம் எண்பத்து மூன்று. ஃபேன் சத்தம் ஏறுகிறது. ஏசியை இருபத்தாறில் வைத்திருக்கிறேன், சோதனை முடியும்வரை மாற்றக் கூடாது.

ரெண்டுக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் வாட்ஸப்பில் அந்த ஃபார்ம் வந்தது. கடையின் ஃபார்ம்தான், எல்லோருக்கும் அனுப்புவது: பெயர், உபயோகம், ஸ்கிரீன் அளவு, கேபினட் நிறம். உபயோகம் என்ற இடத்தில் ஆட்கள் என்னென்னவோ எழுதுவார்கள், ஆபீஸ், கேமிங், பாப்பா படிக்க, ஒருத்தர் "வீட்டில் வைக்க" என்று எழுதியிருந்தார். கிருபாகரன் எழுதியது ஒரே வார்த்தை, ரெண்டுக்கும். எந்த ரெண்டுக்கும்? அவன் பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன், அதற்குப் பதினாறு கோர் எதற்கு, இப்போது இருக்கும் பழைய மெஷினே போதும். அப்படியானால் யாருக்கு? போன கார்த்திகையில், பேக்கரியில், தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே நான்தான் சொன்னேன், "எனக்கு த்ரீடி அனிமேஷன் கத்துக்கோணும்னு ஆசைங்க, ஆனா என் லேப்டாப்புல ஒரு உருண்டையக்கூட வரைய முடியாது." அவன் சிரித்தான், "ஒரு நாள் நல்ல மெஷினாப் போட்ருவோம்" என்றான். போட்ருவோம் என்றான். போடறேன் என்று சொல்லவில்லை, போடுங்க என்று சொல்லவில்லை. கேபினட் நிறம் வெள்ளை என்று எழுதியிருந்தான். அவனுக்குக் கறுப்புதான் பிடிக்கும், பல தடவை சொல்லியிருக்கிறான், வெள்ளை நன்றாயிருக்கும் என்று சொன்னது நான். அப்புறம் எனக்கு வேறென்ன வேண்டும்? ரெண்டுக்கும் என்றால் ரெண்டு பேருக்கும். அப்படித்தான் படித்தேன். பேர் என்ற வார்த்தை அங்கே இல்லை. இரண்டே எழுத்து, அவன் எழுதாமல் விட்டது. பேர் என்றால் ஆள், பேர் என்றால் பெயர். அவன் பேர் போடாமல் விட்ட இடத்தில் நானே என் பேரைப் போட்டுக்கொண்டேன். அவன் மேல் என்ன தப்பு? அவனும் ரெண்டு பேர் என்றுதான் நினைத்து எழுதியிருக்கிறான், இப்போது தெரிகிறது. நான் படித்தது சரிதான். ஆள் எண்ணிக்கைகூடச் சரி. முதல் ஓட்டம் முடிந்தது, பதினொரு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி. எழுதியாயிற்று. நேரம் இரண்டு நாற்பத்து நாலு. ஒவ்வொரு சோதனையும் மூன்று ஓட்டம், நடு எண்ணை எடுக்க வேண்டும், ஓட்டத்தின் நேரம் எழுத வேண்டும், கீழே என் கையெழுத்து. ஹால் அழிந்து மறுபடி முதல் சதுரம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதுதான். அதை நினைக்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் கழுத்துக்குப் பின்னால் அதுவே நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், அந்த ஃபார்ம் வந்த அன்றைக்கே, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு சொன்னேன். "அம்மா, ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேனே, அவரு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மெஷின் போடறாருமா." அம்மா கோபியில் ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம். "மெஷினா? எத்தனை கதிருடி?" என்றாள். நூல் சுற்றும் கதிரைக் கேட்கிறாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டரம்மா. "ஓ, அப்ப சத்தம் வராதாக்கும். நல்லது. நம்மாளுங்களா?" தெரியலைமா, கேட்கலை. "கேக்காம என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" தினமும் கம்ப்யூட்டரில் விளையாடுகிறோம் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் அம்மாவே, "உங்கப்பங்கிட்ட நானே பக்குவமாச் சொல்றேன், நீ வாயத் தொறக்காத" என்றாள். பக்குவமாகச் சொல்லியும்விட்டாள். அப்பா போன ஞாயிறு போனில், ஒன்றும் கேட்காமல், "கடையில உக்காந்து வேலை பாக்கற மாதிரி சேர் குடுத்திருக்காங்களா" என்று மட்டும் கேட்டார், அதுதான் அவருடைய சம்மதம். இன்றைக்கு ஆறு மணிக்கு அம்மா கூப்பிடுவாள், ஷிப்ட் முடிந்து, பஞ்சுத் தூசி இருமலோடு. "என்ன கண்ணு, மெஷின் ஆச்சா?" ஆச்சும்மா. ஆச்சு என்றால் அடுத்த கேள்வி வரும். ஆகவில்லை என்றால் பொய். ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டேன் அம்மா. என்ன வார்த்தை? பேர் என்று இல்லாத வார்த்தை. இல்லாததை எப்படிடி தப்பாகப் படிப்பாய், உன்னைப் படிக்க வைத்ததே படிப்பாய் என்றுதானே. அம்மா அப்படிச் சொல்ல மாட்டாள். சொல்ல மாட்டாள் என்பதுதான் கஷ்டம். இரண்டாவது ஓட்டம், பதினொன்று நாற்பது.

அவன் முதன்முதல் இந்த மாடிக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மெஷினை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு, குழந்தைக்கு ஜுரம் என்று தூக்கி வருகிற மாதிரி. "கேம் போட்டா அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சு போயிருதுங்க." சிப்பைக் குளிர வைக்கும் கூலரைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது, ‘பொருத்தும் முன் உரிக்கவும்’ என்று சிவப்பில் எழுதியே இருந்தது. ஒரு வருஷமாக அந்தத் தாளோடு ஓடியிருக்கிறது. நான் உரித்து அவன் கையில் கொடுத்தேன். "யாருங்க அசெம்பிள் பண்ணுனது?" "நாந்தானுங்க" என்றான். அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சிரித்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, எங்கள் ஊரில் தப்பு செய்தவன் யாரும் நாந்தானுங்க என்று சொன்னதில்லை. அப்புறம் "நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டான். ஆடுவேன். கல்லூரி லேபில் திருட்டுத்தனமாக ஆரம்பித்தது. அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு, தினமும், ஒன்றரை மணி நேரம், ஆன்லைனில், அவரவர் இடத்திலிருந்து. கோட்டையைக் காக்கிற ஆட்டம். வாசலில் நான் நிற்பேன், அவன் முன்னால் போவான், கூட்டம் நூறு நூறாக வரும். ஹெட்செட்டில் முதலில் எல்லாம் "வாங்க மேகலா, வாங்க, இடது பக்கம் பாத்துக்கங்க." அந்த அவசரத்திலும் ங்க விடாத கோயமுத்தூர்க்காரன். ஆறு மாசம் கழித்து ஒரு நாள், கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது, "வா மேகலா, வா, வா!" என்று கத்தினான். வா. ஆட்டம் முடிந்ததும் மறுபடி நீங்க. ஆனால் அதற்கப்புறம் தினமும் கூட்டம் நெருக்கும்போது மட்டும் வா. நான் வேண்டுமென்றே வாசலைக் கொஞ்சம் தாமதமாக விட்டுக் கிளம்பியிருக்கிறேன், அந்த வா வரட்டும் என்று. இதை யாரிடம் சொல்ல முடியும்? ஒரு எழுத்துக்காக ஒருத்தி இரண்டு வருஷம் எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் என்று. இன்றைக்குக் காலையில் போனில் எத்தனை ங்க என்று எண்ணினேன். அவளைப் பற்றிச் சொல்லும்போதுகூட முதலில் வர்றாங்க என்றான், அடுத்த மூச்சிலேயே அவளுக்கு என்றான். அவளுக்கு. கூட்டமே இல்லாமல், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

மூன்றாவது ஓட்டமும் பதினொன்று நாற்பதுதான். இனி கேம் சோதனை. கடையில் சோதனைக்கென்று எந்த ஆட்டத்தையும் வைக்கலாம், வாடிக்கையாளர் ஆடுவதையே வைப்பதுதான் நியாயம், அதனால் எங்கள் ஆட்டத்தையே வைத்திருக்கிறேன். எங்கள். கோட்டை வாசல் கூட்டக் காட்சி, மூன்று நிமிஷம், ஆள் இல்லாமல் தானே ஓடும். விநாடிக்கு எத்தனை படம் என்று எண்ண வேண்டும், சராசரி ஒன்று, கூட்டம் முற்றும்போது எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற கீழெண் ஒன்று. சராசரி நூற்று எழுபத்தொன்று. கீழெண் நூற்றுப் பதினெட்டு. நீர் மாதிரி ஓடுகிறது. நூறு நூறாக வருகிறார்கள், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. வாசலில் யாரும் நிற்கவில்லை, சோதனை ஓட்டத்தில் வாசல் காலியாகத்தான் இருக்கும். மூன்று தடவை பார்த்தேன். மணி மூன்று பதினாறு. இனி சிப்பை மாற்ற வேண்டும், இருபது நிமிஷ வேலை. மெஷினை அணைத்து, கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை தளர்த்தி, மெதுவாகத் திருகித் தூக்க வேண்டும், அடியில் சூடு கடத்தும் பேஸ்ட் பற்பசை மாதிரி இழுத்துக்கொண்டு வரும், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும், ஊசி போடும் முன் நர்ஸ் தடவும் வாசனை. சிப்பின் மூலையில் தங்க நிறத்தில் ஒரு முக்கோணம், போர்டிலும் ஒரு முக்கோணம், இரண்டும் நேராக வர வேண்டும், அழுத்தக் கூடாது, வைத்தால் தானே உட்கார வேண்டும். போர்டில் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் பின், முடியை விட மெலிசு, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. கை நடுங்குகிறதா? இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் நடுங்கியது, இப்போது இல்லை. எல்லாம் போனாலும் கை நடுங்காது என்று ஆகிவிட்டது எனக்கு.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது, வந்ததும் வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் போகவில்லை. எட்டு கோரையே சொல்லிவிட்டால் என்ன? "ரெண்டுக்கும் இதே போதும்ங்க" என்று. பொய் இல்லை, முழுப் பொய் இல்லை. எட்டு கோரிலும் டிசைன் வேலை ஓடும். மெதுவாக ஓடும். சோபிகா ஒவ்வொரு ஹாலையும் வரைந்துவிட்டு ஆறேழு நிமிஷத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருப்பாள், அவ்வளவுதானே, காத்திருந்தால் என்ன குறைந்துவிடும், ஆட்கள் இரண்டு வருஷம் காத்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு மெஷின் நீர் மாதிரி ஓடும். அவ்வளவு நல்ல மெஷினை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் ஆடாமல் இருப்பான்? ஒரு நாள் வருவான். வந்தால்? வந்து என்ன? கல்யாணம் ஆனவன் வந்து வா வா என்று கத்தினால் அதை நான் எங்கே வைத்துக்கொள்வது? இப்படி நினைக்கிற நான் யார்? நேற்றுவரை என்னை எனக்கு நல்லவள் என்று தெரியும். சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது, தாளைப் பார்க்கிறவர்களுக்கு எண்ணெல்லாம் படிக்கத் தெரியாத எழுத்து மாதிரி, நான் சொல்லும் வார்த்தைதான் அவர்கள் எடுத்துக்கொண்டு போவது. பதினாறு உட்கார்ந்துவிட்டது. முக்கோணம் நேராக இருக்கிறது. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. ஸ்க்ரூ மூலைக்கு மூலை.

மோகன்ராஜ் அண்ணன், கடை முதலாளி, மாடிப்படியில் பாதி ஏறி நின்று தலையை மட்டும் நீட்டினார். "ஏம்மா, ஆச்சுங்களா? உன்ற கேம் பார்ட்டி வர்ற நேரமாச்சு." இன்னும் அரை மணிண்ணா. "எதுக்கு மூணு மூணு ஓட்டம்? பாத்தாத் தெரியாதா? ரெண்டும் நம்ம ஸ்டாக்குதான், எதச் சொன்னாலும் வித்துப் போயிரும். நீ என்னமோ பரிட்சை பேப்பர் திருத்தறவளாட்ட." நீங்கதாண்ணா மூணு ஓட்டம்னு சட்டம் போட்டீங்க. "போட்டேன். அத யாரு கேக்கறான்னு நினைச்சேன்? நீ ஒருத்தி கேக்கற." சிரித்துக்கொண்டே இறங்கினார், பாதிப் படியில் நின்று, "கண்ணு ஏன் செவந்திருக்குது?" என்றார். ஸ்பிரிட்டுண்ணா. "ஜன்னலத் தொற." ஏசி ஓடுதுண்ணா, சோதனை நடுவுல தொறக்கக் கூடாது. "சரி தாயி" என்றார். தாயி என்று அவர் கோபத்தில் சொல்வார், இரக்கத்திலும் சொல்வார், எது என்று கேட்கவில்லை. ஹால் வேகமாக வருகிறது, கண் முன்னால் சுவர் எழும்புகிறது, முப்பது சதுரம் ஒரே நேரத்தில். ஆறு நிமிஷம் பதினான்கு விநாடி. எழுதினேன். மறுபடி ஆறு பன்னிரண்டு. சோபிகா வரையப்போவதும் இப்படித்தான் இருக்கும், சோபா எங்கே, திரை என்ன நிறம், வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும். தன் வீட்டு ஹாலையே முதலில் வரைவாள். நானாக இருந்தால் அதைத்தான் வரைவேன். மூன்றாவதும் ஆறு பன்னிரண்டு. இனி கோட்டை வாசல். சராசரி நூற்று நாற்பத்தொன்பது. கூட்டம் வருகிறது, நெருக்குகிறது, அங்கே, அந்த இடத்தில், ஒரு சின்ன திக்கல், மூச்சு பிடித்துவிட்டு விடுகிற மாதிரி. கீழெண் எண்பத்து நான்கு. தெரியாதவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் தெரியும். சரியாக அந்த இடத்தில்தான் அவன் கத்துவான்.

கடைசி ஓட்டம் முடிந்து நான் எழுதிக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம், இரண்டு ஜோடி. சோபிகா நான் நினைத்துக்கொண்ட மாதிரி இல்லை. என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை, ஆனால் இப்படி இல்லை. வியர்த்துப்போய், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்ததும் திரையில் நின்றிருந்த கோட்டையைப் பார்த்து, "இதுதானா அந்தக் கோட்டை? தினமும் என் போன எடுக்காம இங்கதான் கிடந்தீங்களா?" என்று அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். தினமும். எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டிருக்கிறாள். அவன் எடுக்கவில்லை. எனக்கு ஒரு விநாடி சந்தோஷமாக இருந்தது, அதை நான் இங்கே மறைக்கவில்லை. அப்புறம் அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, வாசல்ல நிக்கறது நீங்கதானாமே, இவரு சொல்லிட்டே இருப்பாரு, மேகலா இருந்தா கோட்டை விழாதுன்னு" என்றாள். சொல்லிட்டே இருப்பாரா. என்னைப் பற்றி வீட்டில் பேச்சு இருந்திருக்கிறது. வாட்ச்மேனைப் பற்றி இருக்கிற மாதிரி. கிருபாகரன் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான், நான் கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன், இருந்தும் ஓரத்தில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஒட்டிவிட்டது. "கண்டிப்பா வரோணும்ங்க." வரேன்ங்க. "சரி, சொல்லுங்க, எது எடுத்துக்கலாம்?"

தாளை அவர்கள் பக்கம் திருப்பினேன். வரைகிற வேலைக்கு எட்டு கோர் பதினொன்று நாற்பது, பதினாறு ஆறு பன்னிரண்டு, ஏறக்குறையப் பாதி நேரம். கேமுக்கு எட்டுதான் மேலே. ஆனால் அவர் ஸ்கிரீன் விநாடிக்கு நூற்று நாற்பத்து நாலு படம்தான் காட்டும், பதினாறே சராசரியில் அதைத் தாண்டிவிடுகிறது, அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னேன், பரிட்சையில் ஒப்பிக்கிற மாதிரி. இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இங்கே நிறுத்தினால் அதுவும் மறைப்பதுதான். "ஒரே ஒரு இடத்துல மட்டும் திக்கும்ங்க. கூட்டம் சேர்ற இடத்துல. கோட்டை வாசல்ல." சோபிகா அவனைப் பார்த்தாள், "உங்களுக்குப் பரவால்லியா? வேணும்னா எட்டே எடுத்துக்கலாம், நான் வெயிட் பண்ணிக்கறேன்" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருக்கலாம், எனக்கு அந்த உதவியையாவது செய்திருக்கலாம். அவன் திரையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், ஒரு நிமிஷம் அவன் முகத்தில் ஏதோ வந்தது என்று எனக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றுவதையெல்லாம் இனி நம்பக் கூடாது. "இல்ல இல்ல. அங்கயெல்லாம் இனி எங்க போகப் போறேன்" என்றான். சிரித்தான், அதே நாந்தானுங்க சிரிப்பு. சோபிகா என்னைக் கேட்டாள், "அக்கா, நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேருக்கும்னா எது?" ரெண்டு பேருக்கும் என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை முழுசாக இருந்தது. நான் பதினாறு பெட்டியின் மேல் கையை வைத்தேன். "இதுதான்ங்க. ரெண்டு பேருக்கும் இதுதான்." குரல் நன்றாகத்தான் இருந்தது. அவன் "தேங்க்ஸ்ங்க மேகலா" என்றான். கீழே போய் மோகன்ராஜ் அண்ணனிடம் பிரிக்காத புதுப் பெட்டியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன், சோதனைச் சிப் கடையிலேயே இருக்கும். படியில் இறங்கும்போது அவள் ஏதோ சொன்னாள், அவன் "பாத்து வா, கடைசிப் படி ஒசரம்" என்றான். வா.

மேகலா பரிமளாவிடம் சொன்னது இந்த இடத்தோடு முடிகிறது. "அவர்கள் போனதும் தலை வலித்தது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன், ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள், எடுக்கவில்லை, அவ்வளவுதான்" என்று சொன்னாளாம். இதை எழுதி முடித்த பிறகு, எண்களைத் தப்பாகப் போட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், நான் அந்தக் கடைக்குப் போய் அந்தத் தேதியின் சோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எண்கள் சரியாகவே இருந்தன. ஒன்றுகூட அவள் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. ஆனால் இரண்டு சிப்புக்கும், இரண்டிரண்டு சோதனை, மூன்று மூன்று ஓட்டமாக, தாளில் பன்னிரண்டு வரி இருக்க வேண்டும். பதின்மூன்று இருக்கிறது. கடைசி வரியில் எழுதியிருக்கும் நேரம் ஐந்து மணி இருபது நிமிஷம், அவர்கள் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல். சிப்: எட்டு கோர். சோதனை: கோட்டை வாசல். கீழெண் நூற்றுப் பதினெட்டு. மதியம் வந்த அதே எண்.